‘ஹரி அப்’ யோஸ்ட்: வேகத்தை ஆயுதமாக்கிய ஃபுட்பால் கோச்சின் கதை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மேட்ச் எதையாவது யூடியூபில் பார்த்திருக்கிறீர்களா? நாம் பார்க்கும் கால்பந்து இல்லை; ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. ஒரு டீம் நிதானமாக ஆடிக்கொண்டிருக்கும். திடீரென்று பார்த்தால், கூடிப் பேசுவதையே விட்டுவிடும். கீழே விழுந்தவர் எழுந்து தூசி தட்டுவதற்குள் அடுத்த ஆட்டம் ஆரம்பித்துவிடும். எதிரணி வீரர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார்கள். யார் எங்கே நிற்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துவார்கள். அந்தக் குழப்பத்தில் பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும்.

இதற்கு இன்றைக்கு ‘டெம்போ’ என்று பெயர். ஒரேகான் பல்கலைக்கழக அணி 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இப்படி ஆடியபோது, ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலப் பலரும் வியந்தார்கள். ஆனால் அதற்கு 100 ஆண்டுகளுக்கும் முன்பே ஒருவர் இதைச் செய்து காட்டிவிட்டார். சும்மா செய்யவில்லை, 57 மேட்சுகளில் ஒரே ஒரு தோல்வி என்கிற அளவுக்குச் செய்தார். அவர் பெயர் ஃபீல்டிங் யோஸ்ட். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஹரி அப்’ யோஸ்ட். நம்ம பாஷையில் சொன்னால், ‘சீக்கிரம்’ யோஸ்ட்.

யார் இந்த யோஸ்ட்?

1871 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஃபேர்வியூ என்ற சிற்றூரில் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படிப்போடு ஃபுட்பாலும் ஆடினார்.

அந்தக் காலத்தில் கல்லூரி விளையாட்டு எப்படி இருந்தது என்பதற்கு யோஸ்டே ஒரு நல்ல உதாரணம். 1896 அக்டோபரில் அவர் திடீரென்று பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் லாஃபயெட் கல்லூரிக்கு மாறினார். ஏன்? அந்த வாரம் அந்தக் கல்லூரிக்கு ஒரு பெரிய மேட்ச் இருந்தது. 36 ஆட்டங்களாகத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியை லாஃபயெட் 6-4 என்று வீழ்த்தியது. மேட்ச் முடிந்தது; யோஸ்ட் பழையபடி தன் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். இன்று யாராவது இப்படிச் செய்தால் பெரிய விசாரணையே நடக்கும். அன்று அதைத் தடுக்க உருப்படியான விதிகள் இல்லை.

1897-ல் சட்டப் பட்டம் வாங்கினார். ஆனால் மனசு மைதானத்தில் இருந்தது. கோச் ஆனார். 1897-ல் ஒஹையோ வெஸ்லியன், 1898-ல் நெப்ராஸ்கா, 1899-ல் கேன்சஸ், 1900-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு. வருஷத்துக்கு ஒரு கல்லூரி! கேன்சஸ் அணி அவர் கையில் ஆடிய 10 மேட்சுகளையும் ஜெயித்தது. ஸ்டான்ஃபோர்டிலும் நல்ல பெயர்தான். ஆனால் தன் பழைய மாணவர்களை மட்டுமே கோச்சாக வைப்பது என்று அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. யோஸ்டுக்கு வேலை போனது.

அடுத்து அவரை அழைத்தது ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம். 1901-ல் அங்கே போய்ச் சேர்ந்தபோது வயது 30. கூடவே கலிஃபோர்னியாவில் தான் பார்த்து வைத்திருந்த வில்லி ஹெஸ்டன் என்ற ஓட்டக்காரரையும் வரவழைத்துக்கொண்டார்.

ஆட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளி

யோஸ்ட் செய்தது என்ன என்று புரிய, இந்த விளையாட்டின் அடிப்படை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்பால் தொடர்ச்சியாக ஓடும் ஆட்டம் இல்லை. பந்து வைத்திருப்பவரை எதிரணி கீழே தள்ளியதும் அந்த முயற்சி முடிந்துவிடும். அதற்கு ‘டவுன்’ என்று பெயர். பிறகு இரு அணிகளும் மறுபடி எதிரெதிராக வரிசை கட்டும். அடுத்த முயற்சி தொடங்கும். இப்படி விட்டு விட்டுத்தான் ஆட்டம் நகரும்.

இரண்டு முயற்சிகளுக்கு நடுவே கிடைக்கும் அந்தச் சில விநாடிகள் யாருக்குச் சொந்தம்? தாக்கும் அணிக்கு. பந்து அவர்களிடம்தான் இருக்கிறது. எப்போது தொடங்குவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். தடுக்கும் அணி காத்திருக்கத்தான் முடியும்.

யோஸ்ட் இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அதை ஓய்வு நேரமாகப் பார்த்தபோது, அவர் அதை எதிரணியிடமிருந்து பறிக்க வேண்டிய ஒன்றாகப் பார்த்தார்.

பயிற்சியில் அவர் சும்மா நிற்க மாட்டார். வீரர்களை ஓயாமல் அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். மேட்சிலும் அதுவே நடந்தது. குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை மாதிரி. அடுத்து என்ன செய்வது என்று சங்கேத எண்களால் சொல்பவர். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் ‘பாஸ்’ வீக்ஸ், முந்தைய முயற்சியில் விழுந்தவர்கள் எழுந்து முடிப்பதற்குள்ளாகவே அடுத்த சங்கேதத்தைக் கத்தத் தொடங்கிவிடுவார். வட்டமாகக் கூடிப் பேசும் வழக்கம் 1920-களில்தான் பரவலானது என்பதால், எண்ணைக் கேட்டதும் ஓட வேண்டியதுதான்.

வேகம் ஏன் அவ்வளவு வலித்தது?

காரணம் அன்றைய விதிகளில் இருந்தது. இன்று தாக்குவதற்கு ஒரு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர் என்று ஆள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். அன்று அதே 11 பேர்தான் இரண்டையும் செய்ய வேண்டும். ஒருவர் வெளியே போனால் மீண்டும் உள்ளே வர முடியாது. அதனால் சேர்ந்த களைப்பு சேர்ந்ததுதான். இறக்கி வைக்க இடமே கிடையாது.

பந்தை முன்னால் எறிவதும் அப்போது தடை. மூன்று முயற்சிகளில் 5 யார்டு நகர்ந்தால் போதும், பந்து தன்னிடமே இருக்கும். அதாவது, ஆளோடு ஆள் மோதி, கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும் ஆட்டம். அந்த மோதல்களுக்கு நடுவே மூச்சு விடும் நேரத்தையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? முதல் பாதியில் சமாளிக்கும் எதிரணி, இரண்டாம் பாதியில் கரைந்து போகும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வேகமாக ஆடினால் சொந்த அணியும்தான் களைக்கும். அதனால் யோஸ்டின் வேகம் மேட்ச் அன்று காட்டும் வித்தையாக மட்டும் இருக்க முடியாது. எதிரணியைவிடத் தன் ஆட்கள் அதிக நேரம் தாங்குவார்கள் என்று பயிற்சியிலேயே உறுதி செய்துகொண்டால்தான் அது பலிக்கும். அந்த வேலையை அவர் விடாமல் செய்தார்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு பாயின்ட்

பலன் என்ன? எண்களைப் பாருங்கள். 1901-ல் மிச்சிகன் 11 மேட்ச் ஆடியது. 11-லும் வெற்றி. எடுத்த பாயின்ட் 550. கொடுத்தது பூஜ்யம். ஆமாம், ஒரு பாயின்ட்கூட இல்லை. அதில் பஃபலோ அணியை 128-0 என்று தோற்கடித்த மேட்சும் உண்டு. பத்திரிகைகள் இந்த அணிக்கு ‘நிமிடத்துக்கு ஒரு பாயின்ட்’ அணி என்று பெயர் வைத்தன.

1902 ஜனவரி 1. கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ஒரு சிறப்பு மேட்ச். பின்னாளில் ரோஸ் பவுல் என்று உலகப் புகழ் பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் அதுதான். மிச்சிகனை எதிர்த்து ஆடியது யார் தெரியுமா? ஓராண்டுக்கு முன் யோஸ்டை அனுப்பிவைத்த அதே ஸ்டான்ஃபோர்டு!

முதல் பாதி முடியும்போது ஸ்கோர் 17-0. தோல்விதான், ஆனால் அவமானம் இல்லை. இரண்டாம் பாதியில் மிச்சிகன் மேலும் 32 பாயின்ட் குவித்தது. 49-0 ஆனபோது, இன்னும் 8 நிமிடம் பாக்கி இருக்கையில், போதும் என்று ஸ்டான்ஃபோர்டு தரப்பே கேட்டுக்கொண்டது. ஆட்டம் அங்கேயே நின்றது. மிச்சிகனின் நீல் ஸ்னோ மட்டும் 5 டச் டவுன். மிச்சிகன் தரப்பில் முதலில் இறங்கிய அதே 11 பேர்தான் கடைசிவரை ஆடினார்கள். ஒரு மாற்று வீரர்கூட இறங்கவில்லை. யோஸ்டின் முறை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மேட்ச் அவ்வளவு ஒருதலையாகப் போனதால், பாசடீனா விழாக்காரர்கள் அடுத்த ஃபுட்பால் மேட்சை நடத்தியது 1916-ல்தான்!

அடுத்த ஆண்டுகளிலும் இதே கதைதான். 1903-ல் மினசோட்டாவுடன் 6-6 என்ற ஒரே ஒரு டிரா. 1901 முதல் 1905 வரை 57 மேட்சுகளில் 55 வெற்றி. எடுத்த பாயின்ட் 2,821, கொடுத்தது 42.

ஒரே தோல்வி, இரண்டே பாயின்ட்

அந்த ஒரு தோல்வி 1905 நவம்பர் 30 அன்று சிகாகோவில் வந்தது. அதற்கு முன்னால் அந்த சீசனில் 12 மேட்ச் ஆடி, 495 பாயின்ட் எடுத்து, ஒன்றுகூடக் கொடுக்காமல் வந்திருந்தது மிச்சிகன். எதிரே சிகாகோ பல்கலைக்கழக அணி. கோச், புகழ்பெற்ற அலோன்சோ ஸ்டாக்.

சிகாகோ வேகத்தோடு வேகமாகப் போட்டியிடவில்லை. அவர்களுடைய வால்டர் எக்கர்சால் பந்தை உதைப்பதில் கெட்டிக்காரர். உதைத்து உதைத்து மிச்சிகனை அதன் கோட்டுக்குப் பக்கத்திலேயே தள்ளி வைத்தார்கள். மைதானத்தின் முக்கால்வாசி தூரத்தைக் கடக்க வேண்டியிருந்தால், எவ்வளவு வேகமான அணியும் வழியில் எங்கேயாவது தடுக்கி நிற்கும். அப்படி வந்த ஒரு பந்தைத் தன் கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு ஓட முயன்ற மிச்சிகன் வீரரைச் சிகாகோ வீரர்கள் அங்கேயே மடக்கிவிட்டார்கள். அதற்கு 2 பாயின்ட். மேட்ச் முடிந்தபோது ஸ்கோர் 2-0.

56 மேட்சுகளாகத் தோல்வியே தெரியாத ஓட்டம் அங்கே முடிந்தது.

விதி மாறியது, யோஸ்டும் மாறினார்

1905 சீசன் முழு விளையாட்டுக்குமே ஒரு கறுப்பு ஆண்டு. குறைந்தது 18 இளைஞர்கள் மைதானத்தில் அடிபட்டு இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 1906-ல் விதிகள் மாறின. 5 யார்டுக்குப் பதில் 10 யார்டு. முன்னால் பந்து எறிய அனுமதி. மோதி மோதிச் சின்னச் சின்னதாக முன்னேறும் பழைய ஆட்டத்துக்கு இனி வேலை இல்லை.

மிச்சிகன் சேர்ந்திருந்த மத்திய மேற்கு மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தது. அதை ஏற்காமல் மிச்சிகன் 1908-ல் வெளியேறி, 1917-ல்தான் திரும்பியது.

இந்த இடத்தில் பல கோச்சுகள் காணாமல் போயிருப்பார்கள். யோஸ்ட் போகவில்லை. தன்னை வீழ்த்திய அதே பாடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். காலப்போக்கில் மிச்சிகனின் முறைக்கு ‘ஒரு பன்ட், ஒரு பாஸ், ஒரு பிரார்த்தனை’ என்று பெயர் வந்தது. பன்ட் என்றால் பந்தை நீளமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவது. தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து இருந்தால், முயற்சிகள் மிச்சமிருக்கும்போதே உதைத்துவிடு. எதிரணி அங்கிருந்து கஷ்டப்பட்டு வரட்டும். தவறு செய்வார்கள், காத்திரு. தவறு நடந்ததும் ஒரே அடியில் முடி.

‘சீக்கிரம்’ யோஸ்ட் காத்திருக்கக் கற்றுக்கொண்டார் என்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம். உண்மையில் இரண்டும் ஒரே யோசனைதான். வேகமோ நிதானமோ, அதைத் தீர்மானிப்பவர் நாமாக இருக்க வேண்டும். எதிரணி நம் தாளத்துக்கு ஆட வேண்டும்.

1924-ல் அவர் கோச் பதவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, 1921 முதலே வகித்து வந்த விளையாட்டுத் துறை இயக்குநர் பொறுப்பில் மட்டும் இருந்தார். அந்த ஆண்டு இல்லினாய் அணியின் ரெட் கிரேஞ்ச், முதல் 12 நிமிடங்களிலேயே 4 டச் டவுன் அடித்து மிச்சிகனை நிலைகுலைய வைத்தார். 39-14 தோல்வி. யோஸ்ட் ஒருகாலத்தில் மற்றவர்களுக்குச் செய்தது, இப்போது அவர் அணிக்கே நடந்தது.

1925-ல் மறுபடி கோச்சாக இறங்கினார். அதே இல்லினாய், அதே கிரேஞ்ச். இந்த முறை ஆட்டத்தை இறுக்கிப் பிடித்தது மிச்சிகன். ஸ்கோர் 3-0, வெற்றி. அந்த சீசன் முழுக்க 8 மேட்சுகளில் எடுத்தது 227, கொடுத்தது வெறும் 3. அந்த மூன்றும் ஒரே மேட்சில் போனவை. சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில், கால் வைத்தால் புதையும் சேற்றில், நார்த்வெஸ்டர்ன் அணியிடம் 3-2 என்று தோற்றது மிச்சிகன். அந்த 2 பாயின்ட்கூட, மேற்கொண்டு சிக்கல் வராமலிருக்க நார்த்வெஸ்டர்ன் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தது. சேற்றில் யாருடைய வேகமும் செல்லாது.

1926 சீசனோடு கோச் வேலையை நிறுத்தினார். மிச்சிகனில் மட்டும் அவர் கணக்கு: 165 வெற்றி, 29 தோல்வி, 10 டிரா.

இன்றைய டெம்போவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைய கல்லூரி ஃபுட்பாலில் ஒரு முயற்சி முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 விநாடி அவகாசம் உண்டு. அதை முழுவதும் பயன்படுத்தலாம். 15 விநாடியிலேயே தொடங்கவும் செய்யலாம். தாக்கும் அணி ஆள் மாற்றினால், தடுக்கும் அணிக்கும் ஆள் மாற்ற நேரம் தர வேண்டும் என்பது விதி. அதனால் கெட்டிக்கார கோச்சுகள் என்ன செய்கிறார்கள்? ஆள் மாற்றாமலே வேகமெடுக்கிறார்கள். தடுக்கும் அணியின் களைத்த வீரர்கள் வெளியே போக வழியின்றி மாட்டிக்கொள்வார்கள். யோஸ்ட் காலத்தில் விதியே உருவாக்கிய களைப்பை, இன்று வேகத்தால் உருவாக்குகிறார்கள்.

எப்போதும் ஒரே வேகத்தில் போனால் எதிரணி பழகிவிடும். எனவே நான்கைந்து முயற்சிகளை அவசரமாக ஆடிவிட்டு, சட்டென்று நிறுத்துவார்கள். பாய்வதற்குத் தயாராக இருக்கும் தடுப்பு வீரர் பந்து நகரும் முன்பே கோட்டைத் தாண்டிவிடுவார். அபராதம் 5 யார்டு. நம் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் நடுவில் ஒரு ஸ்லோ பால் போடுவாரே, அதே தந்திரம். பந்தின் வேகம் அல்ல, வேகத்தில் வரும் மாற்றம்தான் விக்கெட்டை எடுக்கிறது.

அவசரம் காட்டாத ஓர் இடம்

கோச்சாக இருந்ததைவிட நிர்வாகியாக அவர் விட்டுச் சென்றவை கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். 1927-ல் திறக்கப்பட்ட மிச்சிகன் ஸ்டேடியம் அவர் பிடிவாதத்தால் எழுந்தது. திறந்தபோது 84,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். ஒருநாள் ஒரு லட்சம் பேர் உட்காருவார்கள் என்று கணித்து, அதற்கேற்றபடி அஸ்திவாரம் போட வைத்தார். இன்று அங்கே 1,07,000-க்கும் மேற்பட்டோர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 1923-ல் கட்டிய உள்ளரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. யோஸ்டின் தந்தை, உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலப் படையில் இருந்தவர். மிச்சிகன் அணியில் 1890-லேயே ஜார்ஜ் ஜூவெட் என்ற கறுப்பின வீரர் ஆடியிருந்தார். யோஸ்ட் கோச்சாக இருந்த இருபதுக்கும் மேற்பட்ட சீசன்களிலோ ஒரு கறுப்பின வீரர்கூட அணியில் இல்லை. 1932-ல், வேறொரு கோச்சின் காலத்தில்தான் வில்லிஸ் வார்டு என்ற மாணவர் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வந்தார்.

1934-ல் தெற்கிலிருந்து ஜார்ஜியா டெக் அணி ஆன் ஆர்பருக்கு வர இருந்தது. வார்டு இறங்கினால் ஆட மாட்டோம் என்றார்கள். மேட்சை ரத்து செய்யலாம். வார்டை ஆட வைத்தே தீருவேன் என்று நிற்கலாம். இயக்குநராக இருந்த யோஸ்ட் இரண்டையும் செய்யவில்லை. மாணவர்கள் போராடினார்கள், அந்தப் போராட்டக் குழுவுக்குள் தனியார் துப்பறியும் ஆளை நுழைத்தார் அவர். அக்டோபர் 20 அன்று, சொந்த ஊர் மைதானத்தில், வார்டு இல்லாமலே மேட்ச் நடந்தது. வார்டின் நண்பராகவும் சக வீரராகவும் இருந்த ஒரு மாணவர், இதனால் மனம் நொந்து ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தார். அவர் ஜெரால்டு ஃபோர்டு. 40 ஆண்டுகள் கழித்து அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். அந்த மேட்சை மிச்சிகன் 9-2 என்று ஜெயித்தது. அந்த சீசனில் அதற்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

யோஸ்ட் 1940-ல் ஓய்வு பெற்றார். 1946 ஆகஸ்ட் 20 அன்று ஆன் ஆர்பரில் காலமானார். 75 வயது.

2021-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வுக் குழு, இப்போது ஐஸ் ஹாக்கி அரங்கமாக இருக்கும் அந்தக் கட்டடத்திலிருந்து யோஸ்டின் பெயரை எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. மைதானத்தில் அவர் செய்ததை யாரும் மறுக்கவில்லை; வார்டு விஷயத்தில் செய்ததையும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் செய்யாமல் விட்டதையும் சேர்த்துத்தான் எடை போட்டார்கள். அதே ஆண்டு, மிச்சிகனும் நார்த்வெஸ்டர்னும் மோதும் மேட்சுக்கு ஒரு புதிய கோப்பை அறிவிக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர், ஜார்ஜ் ஜூவெட் கோப்பை. 1890-ல் மிச்சிகனுக்காக ஆடிய அந்தக் கறுப்பின வீரரின் பெயர் கோப்பையில் ஏற 131 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.